மூச்சும் தசையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

முன்னுரை

உணவில்லாமல் மனிதன் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீரில்லாமல் சில நாட்கள் வாழலாம். மூச்சில்லாமல் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. ஆகவே நுரையீரல் நோய் என்றதும் நம் கவனமெல்லாம் நோயாளியின் நெஞ்சின் மீதே செல்கிறது. அவருடைய காலை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர் எத்தனை காலம் வாழ்வார் என்பதை அவருடைய நுரையீரல் மட்டுமின்றி, அவருடைய தொடைத் தசையும் தெரிவிக்கிறது. இது கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவ உலகம் படிப்படியாகக் கண்டறிந்த உண்மையாகும். தசை ஏன் கரைகிறது, அது ஆயுளை எவ்வாறு பாதிக்கிறது, கரைந்த தசையை மீட்க வழியுண்டா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், பீடி குடிப்பவர். நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது மூச்சுத்திணறலால் காலமானார். அவருடைய மருத்துவமனைச் சீட்டுகளை அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தது எனக்கு மட்டுமே. அன்று நான் மாத்திரைகளின் பெயரையும், எத்தனை வேளை என்பதையும் மட்டும் வாசித்துச் சொன்னேன். கல்லூரிக்கு வந்த பிறகு ஒருநாள் அந்தப் பையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சீட்டுகளின் மூலையில் எடை குறிக்கப்பட்டிருந்தது. முதல் சீட்டில் 54 கிலோ. ஓராண்டு கழித்து 49 கிலோ. கடைசிச் சீட்டில் 43 கிலோ. இரண்டே ஆண்டுகளில் பதினொரு கிலோ குறைந்திருக்கிறது. அந்த எண்கள் எங்கள் கையிலேயே இருந்தன. அவற்றின் பொருள்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

நோயின் இயல்பு

மூச்சுக்குழல் நுரையீரலினுள் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து சென்று, இறுதியில் காற்று நுண்ணறைகளாக முடிகிறது. இரு நுரையீரல்களிலும் சேர்ந்து முப்பது கோடிக்கு மேற்பட்ட நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவரையெல்லாம் விரித்து வைத்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு இருக்கும் என்பர். இப்பரப்பின் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது.

புகையும் தூசியும் ஆண்டுக்கணக்கில் உள்ளே சென்றால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. ஒன்று, சிறு குழல்களின் சுவர் வீங்கிச் சளி கட்டிக் குறுகிவிடுகிறது. மற்றொன்று, நுண்ணறைகளின் சுவர் அரித்துப் பல சிறு அறைகள் ஒரு பெரிய அறையாகிவிடுகின்றன. இதனால் இழுத்த காற்றை முழுவதும் வெளியே விட முடிவதில்லை. பழைய காற்று உள்ளே தேங்கிவிடுவதால் புதிய காற்றுக்கு இடமின்றிப் போகிறது. இதுவே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாகச் சி.ஓ.பி.டி. என்பர்.

நோயை உறுதி செய்ய ஸ்பைரோமீட்டர் என்னும் கருவி பயன்படுகிறது. நன்றாக மூச்சை இழுத்து, வேகமாக முழுவதும் ஊத வேண்டும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும், முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்று, ஊதிய மொத்தக் காற்றில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு உள்ளது என்று கொள்ளப்படும். ஆஸ்துமாவில் அடைப்பு வந்து போகும். இந்நோயில் அடைப்பு நிலைத்துவிடும். அழிந்த நுண்ணறைகளை மீண்டும் வளர்க்கும் மருந்து இதுவரை இல்லை. இதனை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் பகுதியும் இந்நோயும்

புகைப்பவருக்கே இந்நோய் வரும் என்று பலர் கருதுகின்றனர். நம் நாட்டின் நிலை வேறு. விறகடுப்பின் புகை, வயற்காட்டுத் தூசி, தொழிற்கூடத் தூசி, முன்பு வந்து ஆறிய காசநோயின் தழும்பு ஆகியனவும் காரணங்களாகின்றன. தென்காசி, கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதை நாம் அறிவோம். பீடியைக் குடிப்பவரின் நுரையீரலுக்குள் புகை செல்கிறது; சுற்றுபவரின் மூச்சில் புகையிலைத் தூள் செல்கிறது. அந்த வேலை முடிந்ததும் அதே பெண் விறகடுப்பின் முன் அமர்கிறாள்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், முப்பது வயதுக்கு மேற்பட்ட, புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்து, முடிவை 2011-இல் வெளியிட்டனர். அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அதாவது, ஏறத்தாழ நாற்பது பெண்களுக்கு ஒருவர். வாழ்நாளில் ஒரு பீடியையும் வாயில் வைக்காதவர். நாடு முழுவதற்குமான கணக்கு 2018-இல் வெளிவந்தது. அதன்படி 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்நோய் உள்ளவர் தொகை சுமார் 5 கோடியே 53 இலட்சம். உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18 விழுக்காடு. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய்களால் உலகம் இழக்கும் நலவாழ்வு ஆண்டுகளில் நம் பங்கு 32 விழுக்காடு.

என் ஆச்சியும் அந்த ஐந்தரைக் கோடியில் ஒருவர் என்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. பத்து வயது முதல் பீடி சுற்றியவர். நாற்பது ஆண்டுகள் ஊதுகுழலால் அடுப்பை ஊதியவர். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தெருப்பெண்களோடு தென்காசியிலிருந்து நடந்தே அருவிக்குப் போய், குளித்து, ஈரச்சேலையோடு நடந்தே திரும்புவாராம். போக ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. வர அதே தூரம். அப்படிப்பட்டவருக்குத் தெருக்குழாயில் ஒரு குடம் நீர் எடுத்து வருவதற்குள் மூச்சு வாங்கியது.

தசை ஏன் கரைகிறது?

மனித உடலின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு எலும்போடு இணைந்த தசையே. அதில் பெரும்பகுதி கால்களில் உள்ளது. நுரையீரலில் நோய் இருக்கக் காலில் உள்ள தசை ஏன் கரைய வேண்டும்? காரணங்கள் பலவாகும்.

முதலாவது, மூச்சுவிடும் செலவு. நலமுள்ளவர் ஓய்வாக இருக்கும்போது மூச்சுவிடுவதற்கு உடலின் ஆற்றலில் மிகச் சிறு பங்கே செலவாகிறது. அடைப்பு உள்ளவருக்கு ஒவ்வொரு மூச்சும் ஓர் உழைப்பு. கழுத்துத் தசைகளும் விலாத் தசைகளும் உதரவிதானமும் இரவும் பகலும் பாடுபடுகின்றன. படுத்திருந்தாலும் இச்செலவு நிற்பதில்லை.

இரண்டாவது, வரவு குறைவு. வயிறு நிறைந்தால் அது உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, மூச்சு முட்டுகிறது. மென்று விழுங்கும்போது மூச்சை நிறுத்தி நிறுத்தி விட வேண்டியிருக்கிறது. ஆகவே நோயாளி பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிடுகிறார். செலவு கூடி வரவு குறைந்தால் எந்தக் குடும்பமும் சேமிப்பில்தான் கை வைக்கும். உடல் கை வைக்கும் சேமிப்பு, கொழுப்பும் தசையும்.

மூன்றாவது, அழற்சி. நுரையீரலில் ஓயாமல் நடக்கும் அழற்சியின் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. இவை தசையிலுள்ள புரதத்தை உடைக்கும் வேலையைத் தூண்டுகின்றன. சளி, காய்ச்சல் வந்து நோய் திடீரென முற்றும் நாட்களில் இது மிகுதி. அந்நாட்களில் நோயாளி படுக்கையிலும் இருப்பதால் இழப்பு இரட்டிப்பாகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பதும் தசையை மெலியச் செய்யும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

நான்காவது, பயன்படுத்தாமை. இது எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் கையில் இருப்பதும் இதுவே. நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆகவே நடப்பதில்லை. நடக்காததால் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசையைக் கொண்டு நடந்தால் முன்னைவிட விரைவில் மூச்சு வாங்குகிறது. ஆகவே இன்னும் குறைவாக நடக்கிறார். செக்கு மாடு போல இச்சுழற்சி தொடர்கிறது.

மெலிந்த தசைக்கும் மூச்சு வாங்குவதற்கும் என்ன தொடர்பு? நம் தசையில் இருவகை இழைகள் உள்ளன. ஒருவகை, ஆக்சிஜனைக் கொண்டு நெடுநேரம் சளைக்காமல் உழைப்பது. இதில் மைட்டோகாண்டிரியாக்கள் மிகுதி. மற்றொரு வகை, சிறிது நேரம் வேகமாக உழைத்து விரைவில் களைப்பது. இந்நோயாளிகளின் தொடையில் முதல்வகை குறைந்து இரண்டாம் வகை கூடுகிறது. அத்தகைய தசை, சில அடி நடந்ததுமே லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலத்தை இரத்தம் சமன் செய்யும்போது கூடுதலாகக் கரியமில வாயு பிறக்கிறது. அதனை வெளியேற்றும் பொறுப்பு, ஏற்கெனவே திணறும் நுரையீரலின் மேல் விழுகிறது. ஆக, கால் தளர்ந்தால் நுரையீரலின் சுமை கூடுகிறது.

ஆயுளும் தொடையும்

இனி ஆயுளைப் பற்றிய ஆய்வுகளைக் காண்போம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், மூச்சுக்குழல் அடைப்பு உள்ள 1,218 ஆண்களையும் 914 பெண்களையும் 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1999-இல் முடிவை வெளியிட்டனர். ஒல்லியானவர்களிடையே இறப்பு மிகுதியாக இருந்தது. நோய் முற்றியவர்களில் எடை கூடக்கூட இறப்பு குறைந்தது. மற்றவர்க்குக் கேடு என்று சொல்லப்படும் சதைப்பிடிப்பு, இவர்களுக்குக் காப்பாக இருந்தது.

எடை என்பது கொழுப்பும் தசையும் நீரும் எலும்பும் சேர்ந்தது. இவற்றுள் எது ஆயுளைக் காக்கிறது? கனடாவின் கியூபெக்கில் 142 நோயாளிகளின் தொடை நடுப்பகுதியை சி.டி. ஸ்கேன் எடுத்து, தசையின் குறுக்குப் பரப்பை அளந்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். எடையைக் காட்டிலும் தொடைத் தசையின் பரப்பே இறப்பை நன்றாக முன்னறிவித்தது என்று 2002-இல் அறிவித்தனர். அவர்கள் எல்லையாகக் கொண்டது 70 சதுர சென்டிமீட்டர். தசையின் அளவோடு அதன் வலிமையும் இவ்வாறே பேசுகிறது என்பதை, 162 நோயாளிகளின் தொடை முன்தசையின் வலிமையை அளந்த இலண்டன் ஆய்வு 2007-இல் காட்டியது.

இவற்றுக்கிடையே 2004-இல் செல்லி என்பவரும் துணைவர்களும் போடு என்னும் மதிப்பெண் முறையை வகுத்தனர். அது நான்கு செய்திகளைக் கணக்கில் கொள்கிறது: உடல் நிறை எண், அடைப்பின் அளவு, மூச்சுத்திணறலின் தன்மை, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம். மொத்தம் பத்து மதிப்பெண். நம் தேர்வுக்கு மாறாக, இதில் மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடும். ஆறு நிமிடத்தில் 350 மீட்டர் அல்லது அதற்கு மேல் நடப்பவருக்குச் சுழி. 149 மீட்டரைத் தாண்டாதவருக்கு மூன்று. உடல் நிறை எண் 21-ஐத் தாண்டாவிட்டால் ஒன்று. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதே உடல் நிறை எண். நுரையீரலை மட்டும் அளப்பதைவிட இந்நான்கையும் சேர்த்து அளப்பது ஆயுளை நன்கு முன்னறிவித்தது.

தாத்தாவின் உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் சீட்டின் 54 கிலோவுக்கு 19.8, கடைசிச் சீட்டின் 43 கிலோவுக்கு 15.8. முதல் நாளிலேயே அவர் 21-க்குக் கீழே இருந்திருக்கிறார்.

காரணமா, அறிகுறியா?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. தசை கரைந்ததால் இறந்தார்களா, அல்லது நோய் முற்றியதன் அடையாளமாகத் தசை கரைந்ததா? புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கலாம், புகையே நெருப்பாகிவிடாது. மேலே கூறிய ஆய்வுகள் எல்லாம் நோயாளிகளைக் கவனித்துக் கணக்கெடுத்தவை. இவ்வகை ஆய்வு தொடர்பைக் காட்டும். காரணத்தை முழுமையாக மெய்ப்பிக்காது.

ஆயினும் நெதர்லாந்தில் 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகிறது. எட்டு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடியவர்கள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தனர் என்று அது கண்டது. எடை குறைதல், திருப்பக்கூடிய ஓர் ஆபத்து என்பது அவ்வாய்வாளர்களின் முடிவு. இதிலும், தேறும் வலிமை உள்ளவர்களுக்கே எடை கூடியிருக்கலாம் என்ற மறுப்புக்கு இடமுண்டு. எனவே, தசை தேறினால் ஆயுள் நீளும் என்பதற்குச் சான்றுகள் பலமாக இருக்கின்றன. முழுமையாக முடிந்துவிடவில்லை என்று கூறுவதே நேர்மை.

தமிழ்நாட்டின் அனுபவம்

உடல் மெலிவுக்கும் நுரையீரல் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாடு மற்றொரு நோயில் நெருங்கிக் கண்டிருக்கிறது. அது காசநோய். இது கிருமியால் வருவது; மருந்தால் தீர்வது. ஆறிய பின்னும் இது விட்டுச் செல்லும் தழும்பால் நாள்பட்ட அடைப்பு வரக்கூடும் என்பதால் நம் பொருளுக்கு நெருங்கிய உறவும் உடையது.

ஒருகாலத்தில் காசநோய்க்குச் சத்துணவும், ஓய்வும், நல்ல காற்றும் உள்ள சானடோரியமே கதி என்று உலகம் நம்பியது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அதனை மாற்றியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலும் ஒரே மருந்தை உண்டனர். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959-இல் அறிவிக்கப்பட்டது. கிருமியைக் கொல்வது மருந்துதான் என்று அது உலகுக்குக் கற்பித்தது.

ஆனால் மருந்து தொடங்கிய பின்னும் சிலர் இறக்கின்றனரே, அவர்கள் யார்? அவர்களை முன்கூட்டியே அறியத் தமிழ்நாடு 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியான உடனே சுகாதாரப் பணியாளர் சில எளிய செய்திகளைப் பார்க்க வேண்டும். உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழா? கால்களில் வீக்கம் உண்டா? நிமிடத்துக்கு மூச்சு 24-ஐத் தாண்டுகிறதா? இரத்தத்தில் ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் குறைவா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஆபத்து என்று தெரிந்தால் மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இறுதிக் கேள்வியை நண்பர்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறேன். நுரையீரல் நோயாளி பிழைப்பாரா என்று அறிய, அவருடைய காலைப் பார்க்கச் சொல்கிறது இத்திட்டம்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 காசநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரும் உணவுப்பொருள்களை ஆறு மாதம் வழங்கிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து விழுக்காடு கூடியவர்களிடையே இறக்கும் ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது. மருந்து கிருமியைக் கொல்கிறது. உடல் தேறுவதற்கு உணவு வேண்டியிருக்கிறது. காசநோய்க்காவது கிருமியைக் கொல்லும் மருந்து உண்டு. அழிந்த நுண்ணறையை மீட்கும் மருந்தே இல்லாத அடைப்பு நோயில், உடலைத் தேற்றுவது எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கரைந்தது மீளுமா?

நுரையீரல் மீளாது; தசை மீளும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

முன்பு மருத்துவர்களும் இந்நோய்க்கு ஓய்வையே விதித்தனர். 1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி போன்றோர் நோயாளிகளை நடக்கவைத்துப் பயிற்றும் முறையைப் பரப்பினர். 1991-இல் காசபுரி என்பவரும் துணைவர்களும், பயிற்சிக்குப் பின் அதே அளவு உழைப்புக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் குறைவதையும், மூச்சுத் தேவை குறைவதையும் காட்டினர். நுரையீரல் தேறவில்லை, கால் தேறியதால் நுரையீரலின் சுமை குறைந்தது. 2015-இல் 65 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 3,822 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்த அறிக்கை, இத்தகைய பயிற்சியால் மூச்சுத்திணறல் குறைகிறது, நடக்கும் திறன் கூடுகிறது, வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்று உறுதியாகக் கூறியது.

2021 ஆகஸ்டு 5-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. பயிற்சி என்பது பெருநகரத்தாருக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் அளவு. மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். தையற்காரரின் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளக்கலாம். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த எல்லை: ஆண்களுக்கு 34 சென்டிமீட்டர், பெண்களுக்கு 33 சென்டிமீட்டர். இதற்குக் குறைந்தால் தசை இழப்பை ஐயுற வேண்டும். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் அதுவும் ஓர் எச்சரிக்கையே. நான் ஆச்சியின் காலை அளந்தபோது, "ஏ மக்கா, ஜாக்கெட் தைக்கதுக்குக் காலையா அளப்பாவ?" என்று சிரித்தார். அளவு 27 சென்டிமீட்டர். எடை 39 கிலோ. ஐந்து முறை எழுந்து அமர 21 நொடி. அதுவும் கையை ஊன்றி.

இரண்டாவது உணவு. நலமுள்ளவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. மெலிந்த நோயாளிக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை என்பது வல்லுநர் கருத்து. நாற்பது கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 48 கிராம். இது பெரிய செலவு அன்று. இரண்டு முட்டை, ஐம்பது கிராம் நிலக்கடலை, ஐம்பது கிராம் உளுந்து, ஐம்பது கிராம் பாசிப்பயறு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 12 கிராம் புரதம். நான்கு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ஆச்சிக்குப் பல் குறைவு. ஆகவே கடலையைக் கருப்பட்டியோடு இடித்து உருண்டையாகவும், உளுந்தை நல்லெண்ணெய் விட்டுக் களியாகவும் அம்மா கொடுத்தார். வயிறு முட்டாதபடி ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். நோய் என்றதும் கஞ்சி கொடுப்பது நம் வழக்கம். கஞ்சி தொண்டையில் எளிதாக இறங்கும். ஆனால் அதில் தசைக்கு வேண்டிய புரதம் மிகக் குறைவு. தாத்தாவுக்குக் கடைசி ஓராண்டும் நாங்கள் கஞ்சியே கொடுத்தோம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது நடை. இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி, எங்கள் தெருவின் மின்கம்பங்களைக் கணக்காக வைத்துக்கொண்டோம். முதல் வாரம் ஒரு கம்பம் வரை போய்த் திரும்புவது, பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூச்சு வாங்கினால் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். இதனால் குழல்கள் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேறுகிறது. அடுப்பூதிய ஆச்சிக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் எழுந்து அமர்வதும், நீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவதும் மற்றப் பயிற்சிகள். நெஞ்சுவலி வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். உறிஞ்சும் மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. விறகடுப்பையும், வீட்டுக்குள் பீடிப் புகையையும் நீக்காமல் இவற்றைச் செய்வது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

இதில் மிகப் பெரிய தடை பணமன்று, நம் அன்பே. "மூச்சு இளைக்கிற மனுஷிய இப்படி நடக்க விடுதியளே, நல்லாருக்கா?" என்று அண்டை வீட்டார் அம்மாவிடம் கேட்டனர். அவர்கள் கேட்டதில் தவறில்லை. நாங்களும் தாத்தாவை அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். சோற்றைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். குளிக்கத் தூக்கிச் சென்றோம். எழுந்தால் அமரச் சொன்னோம். ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊரார் பாராட்டினர். அவருடைய காலுக்கு நாங்கள் ஒரு வேலையையும் மிச்சம் வைக்கவில்லை. அவரை நடக்கவைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல இயலாது, நோய் முற்றியிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் வாசல்வரையாவது தாமே வந்து அமர்ந்திருப்பார் என்று மட்டும் சொல்ல முடியும்.

முடிவுரை

எட்டு மாதத்துக்குப் பின் ஆச்சியின் எடை 42 கிலோ. கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர 15 நொடி. பன்னிரண்டு கம்பம் வரை நடக்கிறார். மீண்டும் எடுத்த ஸ்பைரோமீட்டர் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது. ஒருவரைக் கொண்டு விதி வகுப்பது அறிவியல் ஆகாது என்பதை நான் அறிவேன். ஆனால் மேலே கண்ட ஆய்வுகள் கூறுவதும் இதுவே.

இக்கல்லூரியில் என்னைப் போல, வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர். பீடி சுற்றிய கைகளும், சூளையில் வெந்த கால்களும் நம்மை இங்கே அனுப்பியிருக்கின்றன. நண்பர்களே! உங்கள் வீட்டிலும் இருமிக்கொண்டு ஒருவர் இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் அவருடைய மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயரோடு நிறுத்திவிடாமல், மூலையில் எழுதியிருக்கும் எடையையும் படித்துச் சொல்லுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் அதனைச் சுட்டிக்காட்டுங்கள். பிறகு கையைப் பிடித்து முதல் மின்கம்பம் வரை அழைத்துச் செல்லுங்கள்.

இந்தச் சாரலில் ஆச்சியைக் குற்றாலத்துக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றோம். பேருந்து நிலையத்திலிருந்து பேரருவி வரை இரண்டு இடங்களில் நின்று, உதட்டைக் குவித்து ஊதி, தாமே நடந்து வந்தார். அருவியின் அடியில் நிற்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஓரத்தில் அமர்ந்து, தெறித்து வந்த நீரை முகத்தில் வாங்கிக்கொண்டார். புறப்படும்போது நான் கையை நீட்டினேன். ஆச்சி அதனைப் பிடிக்காமலே எழுந்தார்.